மாப்பிள்ளை வெளியே இருக்கட்டும்

காலை ஐந்தரைக்கு எழுந்திருப்பேன். பல் தேய்த்து, பால் காய்ச்சி, ஒரு டம்ளர் காபி குடிப்பேன். ஐந்து ஐம்பதுக்குக் குடியிருப்பிலிருந்து இறங்கி அணைக்கு நடப்பேன். ஆறு மணிக்கு அளவுகோலைப் பார்த்து நீர்மட்டத்தை நோட்டில் எழுதுவேன். பிறகு நீர்வரத்து, வெளியேற்றம், மழை அளவு. எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் மேலதிகாரிக்கு அனுப்புவேன். அவர் கட்டைவிரலை உயர்த்துவார். திரும்பி வந்து ஆறு இட்லி ஊற்றுவேன். நான்கு காலைக்கு, இரண்டு மதியத்துக்கு.

மணிமுத்தாறு அணையில் உதவிப் பொறியாளர் வேலை. என் மனைவி அனுராதா போன வருடம் ஆவணியில் இறந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. வயது இருபத்தொன்பது. கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

இந்த வருடம் ஐப்பசி முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. நீர்மட்டம் 71.40 அடி. அணையிலிருந்து திரும்பியபோது என் வீட்டு வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். அத்தை என்றால் அனுராதாவின் அம்மா, ஆவுடைத்தாய். அம்பாசமுத்திரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். வலது கையில் துணிப்பை. இடது மணிக்கட்டில் ஈரத்துணி சுற்றியிருந்தது.

“வாங்க அத்தை” என்றேன்.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. உள்ளே வந்து, நான்கு சுவரையும் பார்த்து, பாத்திரக்கடை காலண்டரில் இருந்த திருச்செந்தூர் முருகனைத் தேர்ந்தெடுத்தாள்.

“முருகா, ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்னு வந்தேன். மாப்பிள்ளைக்குத் தொந்தரவு இல்லன்னா.”

“தொந்தரவு இல்லை” என்று நானும் முருகனிடம் சொன்னேன்.

அவர்கள் குடும்பத்தில் மாமியார் மருமகனிடம் நேராகப் பேசுவது கிடையாது. கோபம் இல்லை, மரியாதை. மருமகன் இருக்கும் அறையில் உட்காரவும் மாட்டார்கள். அனுராதா இருந்தவரை அவள்தான் நடுவில். அத்தை சொல்வதை என்னிடம் சொல்லும்போது சொந்தச் சரக்கும் கொஞ்சம் சேர்ப்பாள். “மழை வரும்போல இருக்கே” என்று அத்தை சொன்னால், “ஒழுங்கா குடையை எடுத்துட்டுப் போவணுமாம், போன தடவ தொலைச்சாச்சாம்” என்று எனக்கு வரும். “நான் அப்படியாட்டீ சொன்னேன்” என்று அடுக்களையிலிருந்து குரல் கேட்கும்.

முருகன் அப்படி இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார்.

“முருகா, சொதியில உப்பு போதுமான்னு தெரியலயே.”

“கொஞ்சம் தூக்கல், முருகா.”

“தூக்கலாம்ல. நாக்கு நல்லாத்தான் இருக்கு.”

இப்படியே பத்து நாள் போனது. நான் இட்லி ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். கையில் என்ன என்று கேட்டதற்கு, குளியலறையில் வழுக்கியதாக முருகனுக்குப் பதில் போனது.

பதினோராம் நாள் அருணாசலம் போன் செய்தார். அனுராதாவின் அண்ணன். அம்பாசமுத்திரத்து வீட்டில் அத்தையோடு இருப்பவர். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறார்.

“மாப்ளே, எங்கம்மா அங்கன இருக்காளா?”

“இருக்காங்க அத்தான்.”

“நல்லாருக்காளா?”

“கை வீங்கியிருக்கு.”

“அவ எங்கயாச்சும் விழுந்து வைப்பா வே. சரி, இந்த வாரத்துக்குள்ள பஸ் ஏத்தி விடும். பத்திர ஆபீஸ்ல ஒரு சோலி கெடக்கு.”

அந்தச் சோலி எனக்குத் தெரியும். வீடு அத்தை பெயரில் இருந்தது. அதை இடித்துக் கடையும் மாடியுமாகக் கட்ட வேண்டும், அதற்கு முன்னால் தன் பெயருக்கு எழுதி வாங்க வேண்டும் என்பது அவர் நான்கு வருடத் திட்டம்.

போனை வைத்ததும் அத்தை அடுக்களை வாசலுக்கு வந்தாள். நேரே காலண்டரைப் பார்த்தாள்.

“முருகா, எனக்கு என் வீட்டுக்குப் போணும். நான் அங்கன இருக்கணும், அவன் இருக்கக் கூடாது. மக இல்லாத வீட்டுல மாமியா எத்தன நாளு இருக்கது? அவன வீட்டுக்குள்ள வரவிடாம இருக்க ஏதாவது காயிதம் உண்டுமா, மாப்பிள்ளைக்குத் தெரியுமான்னு தெரியல.”

மாப்பிள்ளைக்குத் தெரியாது. தேடினேன். உண்டு. குடும்ப வன்முறைச் சட்டம் கணவனுக்கு எதிராக மட்டும் இல்லை, மகனுக்கு எதிராகவும் பொருந்தும். கோர்ட் பாதுகாப்பு உத்தரவு போடலாம். வீட்டை விட்டு வெளியே போகவும் சொல்லலாம்.

முருகனிடம் சொன்னேன். “அப்ப வாங்கிரலாம்” என்றாள் அத்தை, கறிவேப்பிலை வாங்குவதுபோல.

முதலில் பாதுகாப்பு அலுவலரிடம் போனோம். புகாரைக் கேட்டுக் கோர்ட்டுக்கு அறிக்கை எழுதுபவர். பெயர் இன்பமணி. ஐம்பது வயதிருக்கும். மேஜையில் நான்கு விதப் படிவங்கள், ஒரு டப்பா நிறைய முறுக்கு. அத்தையை எதிரே உட்காரச் சொன்னார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அத்தை உடனே எழுந்து நின்றுவிட்டாள்.

“உக்காருங்கம்மா.”

“இருக்கட்டும்மா. நின்னே பழக்கம்.”

“மகன் என்ன செய்யுதாரு?”

“சத்தம் போடுவான்.”

“அடிப்பாரா?”

அத்தை என் செருப்பைப் பார்த்தாள். “மிக்ஸிய உடைச்சான்.”

“கையில என்ன?”

“வழுக்கிட்டு.”

இன்பமணி எழுதினார். சத்தம் போடுதல். மிக்ஸி. அவர் அறிக்கை ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. “இது பத்தாதே சார்” என்று என்னிடம் சொல்லி முறுக்கை நீட்டினார். ஒன்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து வக்கீல் நஃபீஸத். மேலப்பாளையத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். வேகமாகப் பேசுவார், இரண்டு கையாலும் தட்டச்சு செய்வார். அங்கேயும் நான் கூடவே உட்கார்ந்தேன். அத்தை நின்றாள். சத்தம். மிக்ஸி. வழுக்கல். கூட இருப்பதுதான் நான் செய்யக்கூடிய உதவி என்று நினைத்திருந்தேன். மாமியாரைக் கோர்ட் கச்சேரியில் தனியாக விட்டுவிட்டு வெளியே போய் நிற்பவன் நல்ல மருமகன் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அம்பாசமுத்திரம் கோர்ட்டில் முதல் வாய்தா. நீர்மட்டம் 78.10. அத்தையை என் பைக்கில் அழைத்துப் போனேன். ஒருபக்கமாக உட்கார்ந்து, எனக்கும் தனக்கும் நடுவில் துணிப்பையை எல்லைக்கல் மாதிரி வைத்துக்கொண்டாள். பையில் ஆதார் அட்டை, வீட்டுப் பத்திரத்தின் நகல், எலுமிச்சை சாதம்.

அருணாசலம் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அவர் வக்கீல் பெனோ, சின்னப் பையன், சட்டைப்பையில் மூன்று பேனா. மாஜிஸ்ட்ரேட் ஒரு பெண். அறிக்கையை இரண்டு முறை புரட்டினார்.

பெனோ எழுந்தான். “அம்மாவுக்கும் மகனுக்கும் சாதாரணமா வர்ற மனத்தாங்கல்தான் அம்மா. மிக்ஸி தவறி விழுந்தது. மகள் இறந்துபோன பிறகு, மருமகன் அந்த வீட்டுல கண்ணு வச்சு மாமியாரைத் தூண்டிவிடுகிறார்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மின்விசிறி மெதுவாக ஓடுகிறது என்று தோன்றியது.

மாஜிஸ்ட்ரேட் அத்தையைக் கேட்டார். “இதுல இருக்கிறதைத் தவிர வேற ஏதாவது நடந்துச்சாம்மா? பயப்படாம சொல்லுங்க.”

அத்தை வாயைத் திறந்தாள். கூண்டிலிருந்து பார்த்தால் நேர் எதிரே மூன்றாவது பெஞ்ச். வாயை மூடிக்கொண்டாள்.

“வேற ஒண்ணும் இல்லம்மா.”

இடைக்கால உத்தரவு கிடைக்கவில்லை. ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். அடுத்த முறையும் இதே நிலை என்றால் சமரசப் பேச்சுக்கு அனுப்புவேன் என்றார் மாஜிஸ்ட்ரேட். சமரசம் என்றால் அத்தை மறுபடி அதே வீட்டுக்கு, அதே மகனோடு.

வராந்தாவில் நஃபீஸத் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“சார், அவங்க எதையோ முழுங்குறாங்க. உங்ககிட்ட என்ன சொன்னாங்க?”

“என்கிட்ட பேச மாட்டாங்க.”

“சண்டையா?”

“இல்லை. மாமியார். பேசுற வழக்கம் இல்லை.”

“எத்தன நாளா?”

“கல்யாணத்திலிருந்து. நாலு வருஷம் ஆச்சு.”

“அப்ப கேஸ் போடணும்னு உங்ககிட்ட யாரு சொன்னது?”

“முருகன்.”

நஃபீஸத் கோப்பை மூடினார். காலண்டரைப் பற்றிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது முகம் வக்கீல் முகமாக இருந்தது.

“எங்க மாமியார் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க சார். நீங்க குடுத்து வச்சவங்க. இருந்தாலும் கேளுங்க. இன்பமணி மேடம் கேட்டப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“பக்கத்துல.”

“என் ஆபீஸ்ல?”

“பக்கத்துல.”

“இன்னைக்கு?”

“எதிர்ல.”

“உங்கள வெளிய போகச் சொல்ல அவங்களால முடியுமா?”

யோசித்தேன். மாப்பிள்ளையை வெளியே போ என்பது அவமரியாதை. அதற்கு என்னிடம் பேசவும் வேண்டும். நல்ல மருமகனாக இருந்து கேஸைப் பாதி கெடுத்திருந்தேன்.

“அடுத்த வாய்தாவுக்கு மாப்பிள்ளை வெளியே இருக்கட்டும்” என்றார் நஃபீஸத். “மூடின அறையில விசாரிக்க மனு போடுதேன். சட்டத்துல இடம் இருக்கு.”

அன்று சாயங்காலம் முருகனிடம் சொன்னேன், அடுத்த முறை நான் உள்ளே வரமாட்டேன் என்று. அத்தை பருப்பு கடைந்துகொண்டிருந்தாள். மத்து ஒரு நிமிடம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகச் சுழன்றது.

இரண்டாவது வாய்தா. நீர்மட்டம் 83.55. மலையில் நல்ல மழை. மாஜிஸ்ட்ரேட் மனுவை ஏற்று, இரண்டு வக்கீல்களையும் இன்பமணியையும் மட்டும் வைத்துக்கொண்டார். மகனும் மருமகனும் வெளியே இருக்கச் சொன்னார். வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்ச் இருந்தது. அதில் அருணாசலம் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்.

“உக்காரும் மாப்ளே. நின்னா மட்டும் சீக்கிரம் முடிஞ்சிருமா?”

உட்கார்ந்தேன். பொட்டலத்தை நீட்டினார். நான்கைந்து எடுத்துக்கொண்டேன்.

“நான் கேக்கேன், எங்கம்மா உம்மகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டா. நீரு எப்படி வே கேஸ் போட வச்சீரு?”

“நான் வைக்கல அத்தான். முருகன்கிட்ட சொன்னாங்க.”

“எந்த முருகன்? வக்கீலா?”

“காலண்டர்.”

அவர் சிரித்தார். கடலை புரையேறியது. முதுகில் தட்டினேன். பழக்கம்.

“நீரு வீட்டுல கண்ணு வச்சிருக்கீருன்னு பெனோ சொன்னான்லா, அது அவனா சேத்தது. மனசுல வச்சுக்கிடாதீரும்.”

“சரி.”

“நான் ஒண்ணும் கொலைகாரன் இல்ல வே. எனக்குக் கோவம் வரும். வந்தா கண்ணு தெரியாது. அது அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் எதுத்து நிப்பா.” தோலை ஊதினார். “இப்ப உள்ள எல்லாத்தையும் ஒப்பிச்சிருவா. அந்த அரங்கு விஷயத்தையும்.”

அரங்கு என்பது அவர்கள் வீட்டின் நடுவில் இருக்கும் சாமான் அறை. நெல், பாத்திரம் வைக்கிற இடம். ஜன்னல் கிடையாது.

“எந்த அரங்கு விஷயம்?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “சொல்லலயா அவ?”

“என்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க.”

அவர் அடுத்த கடலையை உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். “ஒரு நா உள்ள வச்சுப் பூட்டிட்டேன் வே. ஒரு ராத்திரி, மறு நா சாயங்காலம் வர. கையெழுத்துப் போடுதேன்னு சொல்லு, தெறக்கேன்னேன். அவ அது ஒண்ணும் சொல்லல. தெவசத்துக்குப் போணும், மாப்பிள்ளை காத்துக்கிட்டு இருப்பாவன்னு கதவத் தட்டிக்கிட்டே கெடந்தா. நான் டிவி சத்தத்தக் கூட்டி வச்சேன்.”

“யாரு தெவசத்துக்கு?”

தெரிந்துதான் கேட்டேன்.

“அனு தெவசந்தான்.”

இந்த ஆவணியில் அனுராதாவின் முதல் வருஷத் தெவசம் குடியிருப்பில் என் வீட்டில்தான் நடந்தது. பதினொரு பேர் சாப்பிட்டார்கள். அத்தை வரவில்லை. காய்ச்சல் என்று இவர்தான் போனில் சொன்னார். பெற்ற மகளுக்குக் கூட வர முடியாதா என்று நான் நினைத்தேன். இரண்டு மாதமாக அந்த நினைப்பு என்னிடம் இருந்தது. சொதி சாப்பிட்டபோதும் இருந்தது.

கடலை மடித்திருந்த தாளில் ஒரு கல்யாண மண்டப விளம்பரம் இருந்தது. அதை முழுவதும் படித்தேன். ஐந்நூறு பேர் அமரலாம். குளிர்சாதன வசதி. வாகனம் நிறுத்த இடம் உண்டு. பிறகு எழுந்து, தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அவரை அடிக்கலாம் என்று தோன்றியது. பதினான்கு மாதத்தில் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது அதுதான் முதல் முறை. செய்யவில்லை. அடித்திருந்தால் பெனோவுக்கு நல்லதாகப் போயிருக்கும்.

நாற்பது நிமிடம் ஆனது. கதவு திறந்தது. முதலில் பெனோதான் வந்தான். கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டே அருணாசலத்திடம் கேட்டான்.

“அண்ணாச்சி, வீட்டுல துணிமணி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் உங்களுக்கு?”

“ஏம்லே?”

“இன்னைக்கே எடுக்கணும்.”

உத்தரவு நான்கு மணிக்குக் கைக்கு வந்தது. மூன்று பக்கம். எதிர்மனுதாரர் அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது. மனுதாரரிடம் நேரிலோ, போனிலோ, வேறு ஆள் மூலமாகவோ பேசக் கூடாது. வீட்டை விற்கவோ மாற்றவோ வற்புறுத்தக் கூடாது. காவல் நிலையம் உடன் சென்று நிறைவேற்ற வேண்டும். இரண்டாம் பக்கத்தில் காரணங்கள் இருந்தன. அரங்கு இருந்தது. மணிக்கட்டு இருந்தது. பத்திரத்தில் வைப்பதற்காக மகன் இடது கட்டைவிரலை இழுத்து மையில் அழுத்தியபோது மணிக்கட்டு திருகியது. வழுக்கவில்லை.

நஃபீஸத் கைகுலுக்கினார். “கேட்டதுக்கு மேலயே பேசிட்டாங்க சார். மாஜிஸ்ட்ரேட் ரெண்டு தடவ தண்ணி குடுத்தாங்க. தண்ணியக் குடிச்சிட்டு மறுபடி ஆரம்பிச்சாங்க.”

அத்தை படியிறங்கி வந்தாள். என்னைத் தாண்டி, பைக்கிடம் போய் நின்றாள். உட்கார்ந்தாள். வழக்கம்போலப் பையை நடுவில் வைத்தாள். கோர்ட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஐந்து நிமிடம். ஒரு பஸ் வழி விடாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தது. முருகன் இருபது நிமிட தூரத்தில் சுவரில் இருந்தார். அத்தை என் முதுகிடம் சொன்னாள்.

“தெவசத்துக்கு வரணும்னுதான் கெடந்தேன் மாப்பிள்ளை. சேலகூட எடுத்து வச்சிருந்தேன்.”

“தெரியும் அத்தை.”

“எப்பத் தெரியும்?”

“இன்னைக்குக் காலைல.”

“எவன் சொன்னான்?”

“அத்தான்தான்.”

“அவனே சொன்னானா.” முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “பஸ்ஸுக்குப் பின்னாலயே போகாதீங்க. புகையா அடிக்கி. பையப் பைய ஒதுங்கிப் போங்க.”

ஒதுங்கிப் போனேன்.

வீட்டில் பெண் போலீஸ் கனி முன்பே வந்து நின்றாள். அருணாசலம் உள்ளே சூட்கேஸ் அடுக்கிக்கொண்டிருந்தார். கனி வாசற்படியில் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து, “அண்ணாச்சி, பேண்டு சட்டை மட்டும் எடுங்க, பீரோவெல்லாம் வேண்டாம்” என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டில் நான்கு தலை தெரிந்தது. பக்கத்து மாடியில் ஆறு. அத்தை முற்றத்துக் கொடியில் கிடந்த மகனுடைய இரண்டு பனியனை எடுத்து மடித்து, கனி கையில் கொடுத்து உள்ளே அனுப்பினாள். தன் கையால் கொடுக்கவில்லை.

ஐந்தே காலுக்கு அருணாசலம் வெளியே வந்தார். சூட்கேஸைப் பைக்கில் கட்டினார். அம்மாவைப் பார்த்தார். உத்தரவுப்படி பேசக் கூடாது. என்னைப் பார்த்தார். வேறு ஆள் மூலமாகவும் பேசக் கூடாது. நான் என் செருப்பைப் பார்த்தேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

அந்த நேரம் அத்தை என்ன சொன்னாள் என்பதற்கு இன்றைக்கு அம்பாசமுத்திரத்தில் மூன்று கதை ஓடுகிறது. எதிர்வீட்டுக்காரர்கள் சொல்வது, மண்ணை வாரித் தூற்றினாள், நாசமாய்ப் போவாய் என்றாள். மாடிக்காரர்கள் சொல்வது, எனக்குக் கொள்ளி வைக்கக்கூட வராதே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மகனைக் கட்டிப்பிடித்து அழுதாள், அம்மா மனசு பித்துத்தான் என்று மேல்முறையீட்டில் எழுதப்போவதாக பெனோ சொல்லிக்கொண்டு திரிகிறான்.

நான் மூன்றடி தள்ளி நின்றேன். அத்தை கனியைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்:

“யம்மா கனி, அவன் ஹெல்மெட்ட விட்டுட்டுப் போறான், கூப்பிடு. உள்ள வர வேண்டாம்னு சொல்லு. கேட்டுக்கு வெளிய வச்சுக் குடுத்துரு.”